சூட்டுக் கம்பியால் தெர்மாகோல் வெட்டுவது எப்படி?

தெர்மாகோலைக் கத்தியால் அறுத்தால் மணி மணியாக உதிரும். சூடான கம்பி அறுப்பதில்லை, உருக்கிக்கொண்டே நகர்கிறது. வெட்டிய முகம் வழவழப்பாக வருவது அதனால்தான். கருவி எளிது: ஒரு வில், அதில் இழுத்துக் கட்டிய கம்பி, கம்பிக்கு மின்சாரம். புதியவர்கள் தடுமாறுவது மின்சாரத்தில்தான். அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்?

கம்பியின் சூட்டைத் தீர்மானிப்பது அதில் ஓடும் ஆம்பியர். கம்பி நீளமானால் அதே ஆம்பியரை ஓட்டக் கூடுதல் வோல்ட் வேண்டும், அவ்வளவுதான். 0.4 மி.மீ. தடிமனுள்ள நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 8.7 ஓம் மின்தடை. தெர்மாகோல் வெட்ட 1.5 முதல் 2 ஆம்பியர் போதும்.

60 செ.மீ. கம்பி என்றால் சுமார் 5.2 ஓம், 2 ஆம்பியருக்கு 10.4 வோல்ட் வேண்டும். அதே கம்பியை 30 செ.மீ. ஆக நறுக்கி 12 வோல்ட்டில் நேராக மாட்டினால் 4.6 ஆம்பியர் பாயும். சிறிய அடாப்டர் தாங்காமல் அணைந்துவிடும். பெரியது என்றால் கம்பி பழுக்கும். "நேற்று நன்றாக வெட்டிய அடாப்டர் இன்று கம்பியை எரிக்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், அறுந்த கம்பியைக் குட்டையாகத் திரும்பக் கட்டியதுதான்.

ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் குமிழ் உள்ள பவர் சப்ளை கிடைத்தால் அதையே வாங்குங்கள். வோல்ட்டை 15-இல் வைத்து, ஆம்பியர் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கம்பியை இணைத்தபின் மெல்ல ஏற்றினால் போதும். கம்பியின் நீளம் மாறினாலும் சூடு மாறாது. இல்லையென்றால் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரோடு, சூட்டைக் கூட்டிக் குறைக்க டி.சி. மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி ஒன்றைச் சேர்க்கலாம். கார் பேட்டரியும் ஆகும், ஆனால் அதன் முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ப்யூஸ் கட்டாயம்.

வீட்டு மின்சாரத்தை ஃபேன் ரெகுலேட்டர் வழியாக நேரே கம்பிக்குக் கொடுக்கும் காணொளிகள் உண்டு. செய்யவே வேண்டாம். அந்தக் கம்பி உறையில்லாத கம்பி. கை பட்டால் உயிர் போகும்.

வில் கட்டுதல்

மரச்சட்டத்தில் 'ப' வடிவ வில் போதும். கம்பி, வெட்டப்போகும் கட்டியைவிடச் சற்றே நீளமாக இருக்கட்டும். மிக நீளமானால் வெளியே நிற்கும் பகுதி குளிராமல் அதிகம் சூடேறி, நுழையும் இடத்தை அகலமாக உருக்கிவிடும்.

சூடானதும் 60 செ.மீ. கம்பி சுமார் 2 மி.மீ. நீளும், தொய்ந்துவிடும். எனவே ஒரு முனையில் ஸ்பிரிங் தேவை. மின்சாரம் ஸ்பிரிங் வழியாகப் போகக் கூடாது. போனால் அதுவும் சூடாகித் தளரும். மின்சாரம் கொண்டுவரும் முதலைக் கிளிப்பை (பல் உள்ள கவ்வி) ஸ்பிரிங்குக்கு முன்பே, கம்பியிலேயே கவ்வவிடுங்கள். மறுமுனையைப் போல்ட்டில் இரண்டு வாஷர்களுக்கு இடையே இறுக்குங்கள். நிக்ரோமில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது, முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

எதை வெட்டலாம்?

தெர்மாகோல், எக்ஸ்பிஎஸ் (அடர்த்தியான பாலிஸ்டைரீன் நுரை) பலகை, பேக்கிங்கில் வரும் பாலிஎத்திலீன் நுரை எல்லாம் சரி. மெத்தைகளில் இருக்கும் பாலியூரிதேன் நுரையும் பிவிசி நுரையும் கூடவே கூடாது: முன்னது உருகாமல் கருகி ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சு வாயுவைவிடும், பின்னது அமில வாயுவைத் தரும். என்ன நுரை என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். தெர்மாகோலிலும் ஸ்டைரீன் ஆவி வரும். ஜன்னலைத் திறந்து, காற்று உங்களிடமிருந்து விலகிப் போகும்படி மின்விசிறி வையுங்கள்.

வெட்டுதல்

1. 1.2 ஆம்பியரில் தொடங்கி, ஒரு துண்டுக் கழிவில் வெட்டிப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். கம்பி சிவக்கவே கூடாது.
2. வெட்டுக்குப் பின்னால் மெல்லிய நூலிழைகள் தெரிந்தால் சூடு சரி. புகை வந்தால் அதிகம்.
3. கம்பியைத் தள்ளாதீர்கள், அது போகும் வேகத்தில் கூடவே போங்கள். நடுவில் வளைகிறது என்றால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள், அல்லது சூடு போதவில்லை. அப்படி வளைந்த கம்பியால் வெட்டினால் முகம் குழிந்தோ புடைத்தோதான் வரும்.
4. வளைவுகளுக்கு இரு பக்கமும், வேண்டிய வடிவில் அறுத்த ஒட்டுப்பலகை அச்சைக் குத்தி நிறுத்தி, அதன் விளிம்பில் கம்பியை உரசவிடுங்கள். அலுமினிய அச்சு கம்பியின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், தவிர்ப்பது நல்லது.

முனை திரும்பும்போது நின்றால் அங்கே குழி விழும். நிற்காமல் திரும்ப முடியாவிட்டால் இரண்டு வெட்டாகப் பிரித்து, இரண்டையும் கட்டிக்கு வெளியிலிருந்தே தொடங்குங்கள். வெட்டில் வரிவரியாக மேடு தெரிந்தால் கை வேகம் சீராக இல்லை.

கம்பியில் படியும் பிசின் கருகி ஒட்டினால் அடுத்த வெட்டு கோடு போடும். அணைத்து ஆறவிட்டு, பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள்.