மேடை மேஜிக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜிக்கைத் தொழிலாக ஏற்போர் செய்யும் முதல் தவறு, இரகசியம் தெரிந்தவுடனேயே வித்தை கைவந்துவிட்டதாக நம்பி மேடையேறுவதாகும். வலது கையிலுள்ள நாணயத்தை இடது கைக்கு மாற்றியதுபோல் காட்டிவிட்டு, வலது உள்ளங்கையிலேயே பதுக்கிக்கொள்ளும் எளிய வித்தையையே எடுத்துக்கொள்வோம். விரல்கள் சில வாரங்களில் பழகிவிடும், காட்டிக்கொடுப்பவை கண்களே. கலைஞர் பார்க்கும் இடத்தையே பார்வையாளர்களும் பார்ப்பார்கள் என்பதால், நாணயம் உண்மையிலேயே இடது கையில் இருப்பதாகத் தாமே நம்பி அவர் அதைப் பார்க்க வேண்டும். அவரது பார்வை ஒரு நொடி வலப்பக்கம் திரும்பினாலோ, ஒளித்து வைத்த கை விறைத்து நின்றாலோ, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் சிறுவன் "அந்தக் கையில இருக்கு!" என்று கத்திவிடுவான். கண்ணாடி முன் மட்டும் பயிற்சி செய்வோர், பதுக்கும் கணத்தில் தம்மையறியாமல் கண்ணிமைத்து, தம் பிழையைத் தாமே காணாமல் போவதுண்டு. செல்பேசியில் பதிவு செய்து பார்த்தால் அது தெரிந்துவிடும்.

நிகழ்விடத்தைப் பார்க்காமலேயே வித்தைகளை முடிவு செய்வதும் தவறு. கல்யாண மண்டப மேடையில் பக்கவாட்டிலும் பின்புறமும் உறவினர்கள் நிற்பார்கள். எதிரிலிருந்து மட்டுமே பார்க்கத்தக்க வித்தை அங்கே எடுபடாது. ஒரே கூட்டத்தின் முன் ஒரே வித்தையை மறுமுறை செய்யக் கூடாது. உதவிக்கு மேடையேறுபவரைக் கேலிப்பொருளாக்கிச் சிரிப்பு வாங்குவது, என் கருத்தில், இத்தொழிலின் மிக மலிவான பழக்கம்.

மேற்சொன்னவற்றால் கெடுவது நிகழ்ச்சிதான். ஆபத்தான வித்தைகளில் அலட்சியம் உயிரையே பறிக்கும். சுங் லிங் சூ என்ற பெயரில் புகழ்பெற்ற வில்லியம் ராபின்சன், 1918ஆம் ஆண்டு லண்டன் மேடையில் தோட்டாவைப் பிடிக்கும் வித்தையின்போது சுடப்பட்டு இறந்தார். நாளடைவில் துப்பாக்கியினுள் படிந்த வெடிமருந்தே, வித்தைக்காகச் சுடாதபடி அமைக்கப்பட்டிருந்த குழலிலிருந்து தோட்டா பாயச் செய்தது. 2019 ஜூனில், கொல்கத்தாவைச் சேர்ந்த சஞ்சல் லாஹிரி, கைகால்கள் கட்டப்பட்ட நிலையில் ஹூக்ளி ஆற்றில் இறங்கி, உயிரோடு மீளவில்லை. நூறு முறை தவறாமல் நடந்த வித்தை என்பது கருவியைச் சோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. ஒவ்வொரு காட்சிக்கு முன்பும் கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நீர், நெருப்பு சார்ந்த வித்தைகளுக்கு, எந்தச் சைகை கண்டவுடன் யார் நிறுத்துவது, யார் மீட்பது என்பதைக் குழுவினருடன் ஒத்திகை பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற மீட்பாளர் கிடைக்காத இடத்தில், முன்பணம் வாங்கியிருந்தாலும், அந்த வித்தையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.