நம்ம ஊர் வெயில்ல அசெம்பிள்டு பிசி கூலிங் டெஸ்ட் பண்றது எப்படி, குறைக்கிறது எப்படி

சிபியூ, அதாவது உள்ள இருக்கிற ப்ராசஸர் சிப், 85 டிகிரி போகுது, அது மேல உக்கார்ற கூலரைப் புதுசா வாங்கணுமான்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், அப்போ ரூம் எத்தனை டிகிரி இருந்துச்சு? பாண்டில கத்திரி வெயில் நேரத்துல, முத்தியால்பேட்டை பக்கம் மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிற ரூமும் விடியக்காலை அதே ரூமும் ஒண்ணு கிடையாது. விடியக்காலை ரூம் 28, சிபியூ 80ன்னு வச்சுக்கோங்க, மதியம் ரூம் 35, சிபியூ 87. பாக்க மோசமான மாதிரி இருக்கும், ஆனா ரெண்டுலயும் வித்தியாசம் 52தான், கூலிங் அப்படியே இருக்கு. அதனால இந்த வித்தியாசத்தைத்தான் நாம குறைக்கப் போறோம்.

முதல் வேலை, எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி கேபினெட்டுக்கு முன்னாடி, காத்து உள்ள போற உயரத்துல வைங்க. பின்னாடி வச்சா வெளிய வர்ற சூட்டைத்தான் காட்டும்.

அடுத்து ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு (HWiNFO) சூடு, ஸ்பீடு எல்லாம் காட்டுற சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி சென்சார் மட்டும் ஓபன் பண்ணுங்க. இன்டெல் ப்ராசஸர்னா சிபியூ பேக்கேஜ், ஏஎம்டியோட ரைசன்னா டிசிடிஎல் (Tctl) அல்லது டிடைன்னு (Tdie) இருக்கிற வரியைப் பாருங்க, கூடவே கிளாக் ஸ்பீடு, அதாவது ப்ராசஸர் ஓடுற வேகம், அப்புறம் ஃபேன் ஆர்பிஎம். அப்புறம் ப்ராசஸரை ஃபுல் லோடுல ஓட்டி ஸ்கோர் குடுக்கிற சினிபெஞ்ச் (Cinebench) சாஃப்ட்வேர்ல மல்டி கோர் டெஸ்ட் 10 நிமிஷம் ஓட விடுங்க, ரூம் ஃபேன் எந்த ஸ்பீடுல இருக்கோ அதை மாத்தாதீங்க. கடைசில ரூம் டெம்ப்ரேச்சர், சிபியூ டெம்ப்ரேச்சர், கிளாக், ஸ்கோர் நாலையும் ஒரு நோட்டுல எழுதுங்க.

ஓடும்போது சூடு எப்படி ஏறுதுன்னு கவனிங்க, பாதி விடை அங்கயே இருக்கு. ஸ்டார்ட் பண்ண சில செகண்ட்லயே 95, 100ன்னு தொட்டா பெரும்பாலும் கூலர் சரியா உக்காரல, இல்ல கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போச்சு. மெதுவா நிமிஷக் கணக்குல ஏறிக்கிட்டே போச்சுன்னா கேபினெட் உள்ள சூடான காத்து தேங்குது. ரைசன் 7000 வச்சிருக்கவங்க மட்டும் 95 பாத்து பயப்படாதீங்க, அந்த வரிசையில பல மாடலை ஃபுல் லோடுல 95 வரைக்கும் போற மாதிரியேதான் ஏஎம்டி டிசைன் பண்ணியிருக்கு, அதுல கூலிங் நல்லாச்சுன்னா டெம்ப்ரேச்சர் குறையாம கிளாக்கும் ஸ்கோரும்தான் ஏறும்.

இப்போ சைடு பேனலைக் கழட்டிட்டு அதே டெஸ்ட் இன்னொரு தடவை. வித்தியாசம் 5, 6 டிகிரிக்கு மேல குறைஞ்சா பிரச்சனை காத்தோட்டம். ஒண்ணுமே மாறலன்னா கூலர் பக்கம் பாருங்க. இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம யாரும் காசு செலவு பண்ணக் கூடாதுங்கறது என் கருத்து.

காத்தோட்டம்தான்னா ஒரு ஊதுபத்தி ஏத்துங்க. பேனலை மூடிட்டு, முன்பக்க மெஷ்ஷுக்கு ரெண்டு மூணு இன்ச் தள்ளிப் பிடிச்சா புகை நேரா உள்ள இழுக்கணும், பின்னாடி ஃபேன்கிட்ட பிடிச்சா வெளிய தள்ளணும், சாம்பல் உள்ள போகாத மாதிரி தள்ளியே பிடிங்க. முன்னாடி புகை வெளிய தள்ளுதுன்னா ஃபேன் திருப்பி மாட்டியிருக்கு, மோட்டாரைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் குச்சிங்க தெரியற பக்கம்தான் காத்து வெளிய வரும். பின்னாடி வெளிய வந்த புகை மடங்கி சுத்தி முன்னாடி வந்து மறுபடி உள்ள போகுதான்னும் பாருங்க. கம்ப்யூட்டர் டேபிள்ல கேபினெட் வைக்கன்னு ஒரு பொந்து குடுத்திருப்பாங்கல்ல, அதுல வச்சா இதுதான் நடக்கும். வெளிய எடுத்து வைங்க, செவுத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி, மேல துணி போடாம. பைசா செலவில்ல.

அப்புறம் தூசி. கடல்காத்து அடிக்கிற ஊர்ல ஈரமும் உப்பும் சேர்ந்து தூசி பிசுபிசுன்னு ஒட்டிக்கும். மேல பாத்தா சுத்தமா இருக்கும், ஆனா கூலர் ஃபேனைக் கழட்டிப் பாத்தீங்கன்னா அலுமினிய தகடு இடுக்குல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு படலம் அடைச்சிருக்கும், ஊதினா மட்டும் போகாது. பிளக்கைப் புடுங்கிட்டு, காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தட்டி விட்டு அப்புறம் புளோயர் அடிங்க, அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கோங்க, சுத்த விடாதீங்க. ஃபில்டரை மட்டும் சோப்புத் தண்ணில கழுவலாம், முழுசா காயாம மாட்டாதீங்க.

கூலர் பக்கம்தான் பிரச்சனைன்னா, இன்டெல்லோட குடுக்கிற கூலர்ல நாலு புஷ் பின் இருக்கும், அதுல ஒண்ணு சரியா இறங்காம நிக்கிறது ரொம்ப சகஜம். மதர்போர்டு பின்பக்கம் நாலும் ஒரே அளவு வெளிய தெரியுதான்னு பாருங்க. பேஸ்ட் மாத்தறதா இருந்தா கழட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பிசியை ஓட்டி சூடாக்குங்க. அப்புறம் ஆஃப் பண்ணி, கூலரை லேசா இப்படியும் அப்படியும் திருப்பி எடுங்க. பழைய ஏஎம்4 (AM4) சாக்கெட் ரைசன்ல நேரா இழுத்தா ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்து பின் வளைஞ்சிரும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நடுவுல பட்டாணி அளவு பேஸ்ட், ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. புது கூலர்னா அடில இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை உரிங்க.

ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் அதே 10 நிமிஷ டெஸ்ட், நோட்டுல ஒரு வரி. ரெண்டு வேலையைச் சேத்துப் பண்ணா எது உதவுச்சுன்னே தெரியாது.

கடைசியா பயோஸ்ல, அதாவது பிசி ஆன் ஆகும்போது போற மதர்போர்டு செட்டிங்ல, ஃபேன் கர்வ், எந்த சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகமா சுத்தணும்ங்கறது. 60 டிகிரி வரைக்கும் அமைதியா, 80ல முழு ஸ்பீடுன்னு வச்சா வீட்டுக்குப் போதும். இதெல்லாம் முடிச்சும் திருப்தியில்லன்னா ப்ராசஸர் இழுக்கிற கரன்ட்டைக் குறைங்க, ரைசன்ல அதுக்கு ஈகோ மோடு போடுங்க, இன்டெல்ல பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்குங்க, பெரும்பாலும் ஸ்கோர் கொஞ்சம்தான் இறங்கும், சூடு நல்லாவே இறங்கும்.

சிபியூவுக்கு வாட்டர் கூலர் வாங்கலாமான்னா, அதுவும் ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது. 35 டிகிரி ரூம்ல அதுக்கும் 35 டிகிரி காத்துதான் கிடைக்கும். அதே ரூம்ல ஏசி போட்டு 27க்கு வந்தா, ஃபேன் ஸ்பீடும் கிளாக்கும் மாறாத வரைக்கும், உள்ள இருக்கிற ஒவ்வொரு பார்ட்டும் கிட்டத்தட்ட 8 டிகிரி இறங்கும்.