ஷார்ட் பெட் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்: வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்க யோசிப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் ஷார்ட் பெட் ட்ரக் ஃபிஃப்த் வீலை இழுக்குமா?" என்பதுதான். ஃபிஃப்த் வீல் என்பது, பிக்கப்பின் பெட்டில், அதாவது பின்பக்கச் சரக்குத் தொட்டியில், பொருத்திய ஹிட்ச் என்னும் இணைப்பின் மேல் மூக்கை ஏற்றி மாட்டும் ட்ரெய்லர்; அந்தத் தொட்டி குட்டையாக இருந்தால் ஷார்ட் பெட். எடை ஒத்துவந்தால் இழுக்கிறதெல்லாம் இழுத்துவிடும். திரும்பும்போது ட்ரெய்லரின் மூக்கு கேபின் கண்ணாடியில் போய் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். எட்டடி பெட் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. ஆறரை அடி, ஐந்தரை அடிக்காரர்களுக்குத்தான் இந்தப் பதிவு. ட்ரெய்லர் பிரேக், லைட் வயரிங் போன்ற அடிப்படைகள் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எடைக் கணக்கு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் நிறம் கொண்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் டோயிங் கெபாசிட்டியை (இழுக்கும் திறனை) விட்டுவிட்டு இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் சுமார் 20 சதவீதம் ட்ரக்கின் பெட்டில் உட்காரும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400. ஹிட்ச் 150, நான்கு பேர் 600 என்று சேர்த்தால் 3,150 ஆகிவிடும். பெரும்பாலான அரை டன் ட்ரக்குகளுக்கு (முழு அளவு பிக்கப்பில் லேசான வகை) இது எட்டாத எண். டீசல் போட்ட முக்கால் டன் ட்ரக்குகள் (அதற்கு அடுத்த கனமான வகை) பலவற்றிலும் கணக்கு உதைக்கும், ஏனென்றால் இன்ஜினின் எடையே பேலோடில், அதாவது ஏற்றக்கூடிய எடையில், ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. வாங்கிய பிறகு சாமான்களை ஏற்றி, ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலில் (CAT Scale, வண்டியை எடைபோடும் மேடை) ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

2. அளவெடுப்பது

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு அளவுகள் வேண்டும்.

முதல் அளவு, ஹிட்ச்சின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை. ஹிட்ச் மையம் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலேயோ ஓரிரு அங்குலம் முன்னாலோ இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று நிரந்தரமாக ஆக்ஸிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டால் முன் சக்கரங்களின் மேல் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். அளக்கும்போது கண்ணாடியோடு நிறுத்தாமல், கேபின் உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் பிரேக் லைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டின் விளிம்புக்கு மேலே நிற்கும் டூல் பாக்ஸ் இருந்தால் அதுவரைதான் உங்களுக்கு இடம்.

இரண்டாவது, ட்ரெய்லரின் கிங்பின்னிலிருந்து (ஹிட்ச்சுக்குள் போய் மாட்டும் இரும்பு முளை) ட்ரெய்லரின் முன்மூலை வரை. நேராக முன்பக்கம் பிடித்து அளந்தால் பிரயோஜனமில்லை, குறுக்காக அளக்க வேண்டும். ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டி, கிங்பின் மையத்திலிருந்து தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். அதேபோல் முன்பக்கத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் தொங்கவிட்டுப் புள்ளி வைத்து, தரையிலேயே டேப்பைப் போட்டு அளந்துவிடலாம். மூலை வளைவாக இருந்தால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடம் அதிக தூரத்தில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம். ஹிட்ச்சுக்கும் கேபினுக்கும் இடையே 40 அங்குலம். ட்ரெய்லர் அகலம் 96 அங்குலம், அதாவது பாதி 48. மூலைகள் கிங்பின்னுக்கு நேர் பக்கவாட்டில் இருந்தால், ட்ரெய்லர் சுமார் 56 டிகிரி மடங்கும்போது மூலை கேபினைத் தொடும். முன்பக்கம் கிங்பின்னைத் தாண்டி 6 அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் 49 டிகிரியிலேயே தொட்டுவிடும். அகலம் 102 அங்குலமாக இருந்தால் இன்னும் முன்னதாக. மாறாக, மூலைகளைச் செதுக்கிய மாடலில் குறுக்களவு 36 வந்தால், சமதளத்தில் 90 டிகிரி மடக்கினாலும் 4 அங்குலம் மிச்சம் இருக்கும்.

ஊருக்குள் சாதாரணமாக ஓட்டும்போது 50 டிகிரி வருவது அபூர்வம். கேம்ப்கிரவுண்டில் மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் கண்ணாடி உடைகிறது.

3. எந்த ஹிட்ச்?

குறுக்களவு கேபின் இடைவெளியைவிடக் குறைவாக வந்தால் சாதாரண ஹிட்ச்சே போதும், விற்பவர் என்ன சொன்னாலும் ஸ்லைடருக்கு (முன்னும் பின்னும் நகரும் ஹிட்ச்) காசைக் கொட்டாதீர்கள். கூட வந்தால் மூன்று வழிகள்.

கையால் இயக்கும் ஸ்லைடர் விலை குறைவு. நேர்கோட்டில் நிறுத்தி, இறங்கிப்போய் லீவரை இழுத்து, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெதுவாக முன்னால் நகர்த்தினால் ஹிட்ச் தலை பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். இறங்க மறந்த அன்றுதான் வினை. வேலை முடிந்ததும் முன்னால் தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும்.

புல்ரைட் சூப்பர்கிளைடு மாதிரியான ஆட்டோ ஸ்லைடர், ட்ரக் வளைந்து திரும்பும்போது தானாகவே பின்னால் நகரும். பிடிமானத்துக்காக கிங்பின் பெட்டியில் ஒரு தகடு மாட்ட வேண்டும். விலையும் அதிகம், எடையும் அதிகம், அந்த எடையைப் பேலோடில் கழிக்க மறக்காதீர்கள். இருந்தாலும் ஐந்தரை அடி பெட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அலுத்துப்போய் இருட்டில் ரிவர்ஸ் எடுக்கிறவரை நம்புவதைவிட இரும்பை நம்பலாம்.

சைடுவைண்டர் மாதிரியானவை ட்ரெய்லர் பக்கம் மாட்டுபவை. திரும்பும் மையத்தையே 22 அங்குலம் பின்னால் கொண்டுபோய்விடும். கிங்பின் ஹிட்ச்சுக்குள் சுழலாமல் இருக்க, உங்கள் ஹிட்ச்சுக்கு ஏற்ற ஆப்பு வாங்க வேண்டும். ட்ரெய்லர் சட்டத்தின் மேல் விழும் விசை மாறும் என்பதால், தயாரிப்பாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் மாட்டாதீர்கள்.

4. மாட்டுவது

டெயில்கேட்டைத் திறந்துவிட்டுப் பின்னால் வாருங்கள். கிங்பின் தகடு ஹிட்ச் தகட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், ஏறும்போது ட்ரெய்லர் லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். உயரமாக இருந்தால் ஹிட்ச் தாடைகள் கிங்பின்னைச் சரியாகக் கவ்வாமலே மூடிக்கொள்ளும், கிளம்பியதும் ட்ரெய்லர் பெட்டின் மேல் விழும். லீவர் மூடிய சத்தத்தை நம்பாமல் டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கும்போதே ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பிறகு லைட், பிரேக்குக்கான ஏழு முனை (7-pin) பிளக்கை மாட்டுங்கள். பிரேக்அவே கேபிளை (ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைப்பது) ஹிட்ச்சில் மாட்டாமல் ட்ரக்கின் உடம்பில் மாட்டுங்கள், ஹிட்ச்சே கழன்றால் அது எதற்கு உதவும்? டெயில்கேட்டை மூடிய பிறகு, பெட் விளிம்புக்கும் ட்ரெய்லர் அடிப்பகுதிக்கும் இடையே 6 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. காலி மைதானத்தில்

ஞாயிறு காலை காலியாக இருக்கும் பார்க்கிங் இடம், ஒரு துணை ஆள், நீல நிற பெயின்டர்ஸ் டேப். துணை ஆள் கேபின் மூலைக்குப் பக்கவாட்டில், நீங்கள் பார்க்கும்படி நிற்கட்டும், ட்ரக்குக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே வேண்டாம். மெதுவாக ரிவர்ஸில் மடக்குங்கள். இடைவெளி 6 அங்குலம் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியே உட்கார்ந்தபடி பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். ட்ரெய்லரின் பக்கச் சுவரில் எந்த இடம் கண்ணாடியின் விளிம்பில் தெரிகிறதோ அங்கே மேலிருந்து கீழாக டேப் ஒட்டச் சொல்லுங்கள். இனி ரிவர்ஸில் அந்த டேப் விளிம்புக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். வலது பக்கத்துக்கும் தனியாகச் செய்யுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் வராது.

பின்சேர்க்கை

"அளவெல்லாம் சரியாக இருந்தும் வீட்டு டிரைவ்வேயில் உரசியது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேலே உள்ள கணக்கு எல்லாம் சமதளத்துக்கானது. ட்ரக் ஏற்றத்தில் ஏறி, ட்ரெய்லர் இன்னும் சமதளத்தில் இருந்தால், கேபினின் உச்சி ட்ரெய்லரை நோக்கிச் சாயும். ஹிட்ச்சுக்கு 40 அங்குலம் மேலே, 5 டிகிரி சாய்வுக்கே மூன்றரை அங்குலம் காணாமல் போகும். ட்ரக் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது இதற்கு நேர்மாறாக, பெட்டின் பின்விளிம்பு ட்ரெய்லரின் அடிவயிற்றை நெருங்கும். டிரைவ்வேயில் மடக்கித் திரும்புவதாக இருந்தால் கணக்கில் 5 அங்குலமாவது கூடுதலாக விட்டுவையுங்கள்.

லைசென்ஸ் பற்றியும் கேட்டிருந்தார்கள். டெக்சாஸில் ட்ரக், ட்ரெய்லர் இரண்டின் ரேட்டிங்கும் (தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச எடை) சேர்ந்து 26,001 பவுண்டோ அதற்கு மேலோ போய், ட்ரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால், சொந்த உபயோகத்துக்கே கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும், கமர்ஷியல் தேவையில்லை. மற்ற மாநிலங்களில் வரம்பு வேறாக இருக்கும், உங்கள் மாநில லைசென்ஸ் அலுவலகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.