பாய்மரப் படகைக் குளிர்காலத்துக்குக் கரையேற்றுதல்: பிரிட்டனிக் கரை வழிகாட்டி

பிரான்சின் பிரிட்டனிக் கரையோரம் கோடையைப் பாய்மரப் படகில் கழித்த தம்பதியர், அட்லாண்டிக்கின் இலையுதிர்காலப் புயல்கள் வலுக்குமுன் படகைக் கரையேற்றிவிடுவது நல்லது. விலேன் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே 1970இல் கட்டி முடிக்கப்பட்ட அர்சால் அணையின் படகு மதகை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்தும் அடைப்பு) கடந்துவிட்டால் உள்ளே நன்னீர். கடலில் அடிப்பகுதியில் ஒட்டி வளர்ந்த பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) அங்கே மடியத் தொடங்கும் என்பதால், பயணத்தை அங்கே முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

அதிகக் கவனம் பாய்களுக்குத்தான் வேண்டும். காற்றில்லாத காலைப்பொழுதில் அவற்றை இறக்கி, நன்னீரில் அலசி, தையல்களை விரலால் தடவிப் பார்த்து, நூல் பிரிந்த இடங்களைச் சாக்பீஸால் குறித்து, முற்றிலும் உலர்ந்த பிறகே இருவரும் கீழ்விளிம்பின் இரு முனைகளிலும் எதிரெதிரே நின்று விசிறிமடிப்பாக மடிக்க வேண்டும். சிறிது ஈரம் தங்கினாலும் வசந்தத்துக்குள் கரும்பூஞ்சணம் படர்ந்துவிடும். அந்தக் கறை எளிதில் போகாது.

இயந்திர எண்ணெயை அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே மாற்றுங்கள். குளிர்விப்புக் குழாய்களில் நன்னீரை ஓட்டி உப்பைக் கழுவிய பின் உறைதடுப்புத் திரவத்தை நிரப்புங்கள். டீசல் தொட்டி நிறைந்திருந்தால் உட்சுவரில் நீர் வியர்ப்பது குறையும். பளுதூக்கி படகை மேலே தூக்கியவுடன், பாசி காய்ந்து இறுகுமுன், அடிப்பகுதியை உயரழுத்த நீரால் கழுவச் செய்து, குடிநீர்த் தொட்டியையும் அன்றே வடித்துவிடுங்கள்.