இல்லஸ்ட்ரேட்டர் பிரஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் என் டிசைன் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள இரண்டு பையன்கள் வருகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில், அதன் பிரஷ்ஷால், காசிமேட்டுப் படகு ஒன்றுக்குப் பெயர் ஸ்டிக்கர் வரைந்தான். கோடு அவ்வளவு அழகு. ஆனால் வெட்டிப் பார்த்தால் ஸ்டிக்கரே இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் செய்த அதே தவறு. ஃபைலை சேவ் செய்ய மறப்பது, லேயருக்குப் பெயர் வைக்காதது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரஷ் கோட்டை விரிக்காமல் அனுப்புவது

பிரஷ்ஷால் இழுத்த கோடு திரையில் தடிமனாக, முனை கூராகத் தெரியும். உள்ளே இருப்பதோ நடுவில் ஓடும் ஒரு மெல்லிய பாத், அதாவது புள்ளிகளை இணைக்கும் தடிமன் இல்லாத கோடு, மட்டும்தான். மேலே தெரிவது அதற்குப் போட்ட சட்டை. கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் சட்டை மறைந்து பாத் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

வியாசர்பாடியில் ஒரு கால்பந்துப் போட்டிக்கு 20க்கு 10 அடி பேனர் செய்தேன். அப்போதைய இல்லஸ்ட்ரேட்டரில் ஆர்ட்போர்டு, அதாவது வரையும் பக்கம், சுமார் 227 அங்குலத்தைத் தாண்டாது. 20 அடி என்றால் 240 அங்குலம். அதனால் பத்தில் ஒரு பங்காக, 24க்கு 12 அங்குலத்தில் வரைந்தேன். வீரரின் தலைமுடி, பந்து கிளப்பும் புழுதி எல்லாமே ஆர்ட் பிரஷ், அதாவது ஒரு வடிவத்தைக் கோட்டின் நீளத்துக்கு இழுத்து ஒட்டும் பிரஷ். இல்லஸ்ட்ரேட்டரின் .ai ஃபைலை அப்படியே கொடுத்தேன். பிரிண்டிங் கடையில் ஒரு போன் நம்பரை மாற்றத் திறந்தவர், அங்கேயே ஐந்து மடங்கு பெரிதாக்கி, மீதி இரண்டு மடங்கைப் பிரிண்ட் மென்பொருளில் வைத்திருக்கிறார். படத்தோடு கோட்டின் தடிமனையும் சேர்த்துப் பெரிதாக்கும் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' என்ற செட்டிங்குக்கு அவர் கம்ப்யூட்டரில் டிக் இல்லை. கோடு ஐந்து மடங்கு நீண்டது. தடிமன் மட்டும் பழையபடி நின்றது. புழுதி ஜவ்வு மிட்டாய் போல இழுபட்டுக் கிடந்தது, தலைமுடி நூலாகிவிட்டது. மைதானத்தில் பேனரைக் கட்டிய பிறகுதான் பார்த்தேன். 200 சதுர அடியையும் என் காசில் மறுபடி அடித்தேன். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அவர் மேல் தப்பில்லை. அந்த டிக் ஃபைலோடு போவதில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் பெரிதாக்குகிறோமோ, அதில் உள்ள செட்டிங்தான் முடிவு செய்யும்.

ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டருக்குப் போனால் இன்னும் மோசம். பிளேடு பாத் வழியேதான் ஓடும். எழுத்தைச் சுற்றி வெட்ட வேண்டிய இடத்தில், நடுவே ஒரு கீறல் மட்டும் விழும். படகு ஸ்டிக்கருக்கு நடந்தது இதுதான்.

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். அந்த நகலில் எல்லாவற்றையும் செலெக்ட் செய்து, ஆப்ஜெக்ட் மெனுவில் 'எக்ஸ்பாண்ட் அப்பியரன்ஸ்' கொடுங்கள். இதுதான் விரிப்பது: மேலே தெரியும் சட்டையே நிஜ வடிவமாகிவிடும். ஸ்டிக்கர் என்றால் ஒரே நிறத்தில் உள்ளவற்றைப் பாத்ஃபைண்டரில் 'யுனைட்' செய்து ஒரே வடிவமாக இணையுங்கள். அப்புறம் மறுபடி கன்ட்ரோல் ஒய். எழுத்தின் வெளிக்கோடு தெரிந்தால் சரி. நடுக்கோடு மட்டும் தெரிந்தால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

அசல் ஃபைலை மட்டும் விரித்துவிடாதீர்கள். "இந்த வாலைக் கொஞ்சம் வளைச்சுக் குடுங்கண்ணா" என்று வாடிக்கையாளர் கட்டாயம் வருவார். விரிக்காத கோட்டில் ஒரு புள்ளியை நகர்த்தினால் முடிந்தது. விரித்ததில் நூற்றுக்கணக்கான புள்ளிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நிறம் மாறவில்லை என்பது

கோட்டுக்கு வேறு நிறம் கொடுத்தும் மாறவில்லை என்றால், பிரஷ் ஆப்ஷனில் 'கலரைசேஷன்' 'நன்' (None) என்று இருக்கும். 'டின்ட்ஸ்' (Tints) என்று மாற்றுங்கள். பிரஷ்ஷைக் கறுப்பில் வரைந்து வையுங்கள்.

'எடிட் செலெக்டட் பாத்ஸ்'

பெயிண்ட்பிரஷ் டூலின் ஆப்ஷனில் உள்ள இந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதுக் கோடு பழைய கோட்டை விழுங்கும்.

பிரிஸில் பிரஷ்ஷை அள்ளித் தெளிப்பது

பிரிஸில் என்பது நிஜத் தூரிகையின் முடிகள் போலக் கோடு போடும் பிரஷ். ஒவ்வொரு இழுப்பும் ஒளி ஊடுருவும் பல அடுக்குகள். 30 கோட்டைத் தாண்டினாலே பிரிண்டில் சிக்கல் வரலாம் என்று மென்பொருளே எச்சரிக்கும். ராஸ்டரைஸ் செய்து, அதாவது போட்டோ போன்ற படமாக மாற்றி, அனுப்புங்கள்.

தமிழ் எழுத்துக்கு ஆர்ட் பிரஷ்

ழ, ஞ மாதிரி இறுக்கமான சுழிகளில் ஆர்ட் பிரஷ் மடிந்து கசங்கும். கேலிகிராஃபிக் பிரஷ் எடுங்கள். ரவுண்ட்னெஸ் 20 முதல் 30 சதவீதம், கோணம் 40 டிகிரி பக்கம். சுவரில் எழுதும் ஓவியர்களின் பட்டை பிரஷ் மாதிரி, சுழியில் மெலிந்தும் இறக்கத்தில் தடித்தும் கோடு வரும்.