பாஸ் வேறு, இருக்கை வேறு: குடும்பத்துடன் ஐரோப்பிய ரயில் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நமக்கு ரயில்வே என்றால் ஒன்றுதான். கன்னியாகுமரியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறும் ஒருவர், ஒரே பயணச்சீட்டில், ஒரே விதியின்கீழ் நாட்டின் மறுகோடிவரை போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு ஐரோப்பிய வரைபடத்தைப் பார்ப்பவர்கள், தண்டவாளம் எல்லைகளைக் கடந்து தொடர்ச்சியாக ஓடுவதால் அதன்மேல் ஓடும் ரயில்களும் ஒரே நிர்வாகத்தைச் சேர்ந்தவை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் பிரான்ஸில் எஸ்என்சிஎஃப், ஜெர்மனியில் டாய்ச்ச பான், இத்தாலியில் ட்ரெனிடாலியா, ஆஸ்திரியாவில் ஓபிபி, சுவிட்சர்லாந்தில் எஸ்பிபியும் அதைச் சுற்றிப் பல மலை ரயில் நிறுவனங்களும் என்று ஒவ்வொரு நாட்டிலும் நிறுவனம் மாறுகிறது. அதனுடன் கட்டணம், முன்பதிவு, அபராதம் ஆகியவற்றின் விதிகளும் மாறுகின்றன. குடும்பமாகச் செல்பவர்கள் படும் சிரமங்களில் பெரும்பகுதி, இந்த வேறுபாட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கவனிக்காததால் வருவதுதான்.

முதல் தவறு யூரெயில் பாஸைப் பற்றியது. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான இந்தப் பாஸ் 33 நாடுகளில் செல்லும் என்பது உண்மை. ஆனால் அது பயணம் செய்யும் உரிமையைத் தருகிறதே தவிர, உட்கார இருக்கையைத் தருவதில்லை. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோசா, ஸ்பெயினின் ஆவே என்னும் அதிவேக ரயில்கள், லண்டனுக்குச் செல்லும் யூரோஸ்டார், இரவு ரயில்கள் ஆகிய அனைத்திலும் பாஸ் வைத்திருப்பவரும் தனியாகப் பணம் கட்டி இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். இத்தாலிய அதிவேக ரயிலில் இதற்கு ஆளுக்கு ஏறத்தாழ 13 யூரோ ஆகிறது என்றால், நால்வர் கொண்ட குடும்பம் ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் போவதற்கு, பாஸ் விலைக்கு மேல் இன்னும் 52 யூரோ கொடுக்கிறது. பிரான்ஸிலோ, பாஸ் வைத்திருப்பவர்களுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே இடம் ஒதுக்குகிறார்கள். அது தீர்ந்துவிட்டால், ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் முழுக் கட்டணச் சீட்டைத்தான் வாங்க வேண்டியிருக்கும். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ஓடும் மலிவுக் கட்டண ரயிலான உய்கோவில் பாஸ் செல்லவே செல்லாது.

இதற்கு நேர்மாறாக ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் முன்பதிவு கட்டாயமில்லை. ஆகவே பாஸ் வாங்கலாமா என்ற கேள்விக்கான விடை, எந்த நாடுகளில் சுற்றப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பாரிஸ், மிலன், ரோம் என்று மூன்று நான்கு நெடும்பயணங்களோடு முடிகிற திட்டத்துக்கு, மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன்னரே விற்பனைக்கு வரும் தனித்தனிச் சலுகைச் சீட்டுகளே பெரும்பாலும் மலிவாக இருக்கும். மியூனிக்கில் தங்கி, நினைத்த நாளில் சால்ஸ்பர்க், இன்ஸ்புரூக் என்று போய்வர விரும்புபவர்களுக்குப் பாஸ் பொருத்தமானது. கட்டாயமில்லை என்பதற்காக முன்பதிவை அறவே விட்டுவிடுவதும் குடும்பத்துக்கு நல்லதல்ல. வெள்ளிக்கிழமை மாலை ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇயில் நால்வருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது அரிது. தனியே செல்லும் இளைஞர் நின்றுகொண்டே போய்விடுவார். ஐந்து வயதுப் பிள்ளையை அப்படி அழைத்துச் செல்ல முடியாது.

குழந்தைகளைப் பொறுத்தவரை "இலவசம்" என்ற சொல்லையே அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். யூரெயில் பாஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவருடன் 4 முதல் 11 வயது வரையுள்ள இரண்டு குழந்தைகள் இலவசமாகச் செல்லலாம். ஆனால் பெரியவரின் பாஸை வாங்கும்போதே அவர்களுக்கும் குழந்தைப் பாஸ் கேட்டுப் பெற வேண்டும். இருக்கை முன்பதிவுக் கட்டணம் அவர்களுக்கும் உண்டு. சுவிட்சர்லாந்துக்கு மட்டுமான சுவிஸ் டிராவல் பாஸில் வயது வரம்பு வேறு: 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள், பெற்றோருடன் வரும்போது, கட்டணமில்லாத குடும்ப அட்டையின் பேரில் பயணம் செய்யலாம். பன்னிரண்டு வயது முடிந்த பிள்ளை ஒரு பாஸில் இளைஞராகவும் மற்றொன்றில் குழந்தையாகவும் கருதப்படுவதால், பயண நாளன்று பிள்ளைக்கு வயது என்ன என்பதைக் கணக்கிட்ட பிறகே எதையும் வாங்க வேண்டும்.

யூரெயில் பாஸ் இப்போது பெரும்பாலும் கைபேசிச் செயலியில்தான் இருக்கிறது. வாங்கியவுடன் அது தானாக வேலை செய்வதில்லை. ரயிலில் ஏறும் முன் அன்றைய பயணத்தைச் செயலியில் சேர்த்து, அந்த நாளைப் பயண நாளாகத் தொடங்கி வைக்க வேண்டும். ஏறி உட்கார்ந்த பின் செய்துகொள்ளலாம் என்று விட்டால், பரிசோதகரின் பார்வையில் அது சீட்டில்லாப் பயணம். அப்பா ஒருவரின் கைபேசியிலேயே எல்லாருடைய பாஸும் இருக்குமானால், அதன் மின்கலம் தீர்ந்துபோகும் நேரத்தையும் யோசித்து வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாங்கும் சிம் அட்டைகள் பல, ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தில் வேலை செய்யாமலோ அதிகக் கட்டணம் பிடித்தோ தொல்லை தருவதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

விசாவுக்கும் ரயில் சீட்டுக்கும் உள்ள தொடர்பு நம்மவர்களுக்கே உரிய சிக்கல். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். விசா கையில் வரும் முன்பே, திரும்பப் பணம் தராத மலிவுச் சீட்டுகளை வாங்கிக் குவிப்பதும், விசா வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்து அந்தச் சீட்டுகளை இழப்பதும் ஒரே அளவுக்கு நட்டம் தருபவை. விசாவுக்கு முடிந்தவரை முன்னதாக விண்ணப்பிப்பது ஒன்றே வழி. பாரிஸிலிருந்து லண்டன் போய், மீண்டும் ஆம்ஸ்டர்டாம் வர நினைப்பவர்களுக்கு, பிரிட்டனுக்குத் தனி விசாவும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவும் தேவை. யூரோஸ்டாரில் இரு தரப்புக் குடிவரவுச் சோதனையும் ஏறும் முன்பே நடப்பதால், மற்ற ரயில்களுக்கு வருவதுபோல் பத்து நிமிடம் முன்னதாக வந்து நின்றால் போதாது.

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அதே காலத்தில் அங்கே ஈஸ்டர், மே தினம், பிரான்ஸில் மே 8, ஈஸ்டருக்குப் பின் 39ஆம் நாள் வரும் விண்ணேற்ற வியாழன் என்று நீண்ட வார இறுதிகள் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நாட்களில் ரயில்கள் நிரம்பி வழியும் என்பதால், நெடும்பயணத்தை வாரத்தின் நடுவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலையங்களின் பெயர்கள் தனியே படிக்க வேண்டிய பாடம். பாரிஸில் ஒரே மைய நிலையம் என்று ஒன்று இல்லை; லண்டன், பிரஸ்ஸல்ஸ் ரயில்கள் கார் தெ நோர்டிலும், சூரிச் ரயில்கள் கார் தெ லியோனிலும் நிற்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டுமானால், பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும். (கார் தெ நோர்டுக்குச் சற்று வடக்கே உள்ள லா ஷாப்பல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் உணவகங்கள் வரிசையாக இருப்பதால், அந்த மாற்றத்தை இரண்டு மணி நேரமாக்கிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.) பிரஸ்ஸல்ஸில் மிடி என்பதும் சாய்ட் என்பதும் ஒரே நிலையத்தின் இரு மொழிப் பெயர்கள். வெனிஸில் இதற்கு மாறாக மெஸ்த்ரே என்பது நிலப்பகுதியில் உள்ள நிலையம். கால்வாய்க் கரையில் இறங்க விரும்புபவர்கள் சாந்தா லூசியா வரை போக வேண்டும்.

சரியான ரயிலில் தவறான பெட்டியில் ஏறுவதும் நடக்கும். சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் ஸ்வைலுட்ஷினன் என்ற சிற்றூரில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புரூனனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகிறது. அம்மாவும் மகளும் முன்பாதியில், அப்பாவும் பெட்டிகளும் பின்பாதியில் என்று அவசரமாக ஏறிக்கொண்டால், இரு பாதிகளும் இரண்டு பள்ளத்தாக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். ஒவ்வொரு பெட்டியின் கதவருகிலும் சேருமிடம் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறுவதே போதுமான பாதுகாப்பு.

சுவிட்சர்லாந்தில் வேறொரு தவறு, காட்சி ரயில்களின் பெயருக்காகவே பணம் கொடுப்பது. பெர்னினா எக்ஸ்பிரஸின் அகன்ற கண்ணாடிப் பெட்டிகளுக்குத் தனி முன்பதிவுக் கட்டணம் உண்டு. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அதே பாதையில், 2253 மீட்டர் உயரத்தைத் தொட்டு, புரூசியோவின் வட்டப் பாலத்தைச் சுற்றிச் செல்லும் சாதாரண ரயில்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. விரும்பிய இடத்தில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கவும் முடியும். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இரண்டாவதே சிறந்தது என்பேன். சூரிச்சிலிருந்து மிலனுக்கு மிக விரைவான ரயிலைத் தேர்ந்தெடுப்பவர்கள், 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்டு சுரங்கத்தின் இருட்டில்தான் ஆல்ப்ஸின் நடுப்பகுதியைக் கடக்கிறார்கள். மலையைப் பார்க்க வேண்டுமானால் பழைய மலைப்பாதை வழியாகச் செல்லும் மெதுவான ரயிலில் ஏற வேண்டும். யுங்ஃபிராவ்யோக் போன்ற சிகர நிலையங்களுக்கு யூரெயில், சுவிஸ் பாஸ் இரண்டுமே கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கின்றனவே தவிர, உச்சிவரை இலவசமாக அழைத்துச் செல்வதில்லை.

இணைப்பு ரயிலுக்கு மிகக் குறைந்த நேரம் வைப்பதும் பரவலான தவறு. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற பழைய நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும்: 2024இல் அந்நாட்டின் நெடுந்தொலைவு ரயில்களில் குறித்த நேரத்தில் வந்தவை ஏறத்தாழ 62.5 விழுக்காடுதான். முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், இணைப்பைத் தவறவிட்டவரை வேறு ரயிலில் அனுப்பிவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு 50 விழுக்காடும் இழப்பீடு கேட்கலாம் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே சீட்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அன்றைய கடைசி ரயிலை இணைப்பாக வைத்துக்கொள்வதைக் குடும்பங்கள் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: நடைமேடையில் சுமை தூக்குவோர் இருக்க மாட்டார்கள், பல ரயில்களில் படியேற வேண்டும், நிற்கும் நேரமோ இரண்டு மூன்று நிமிடங்கள். ஆளுக்கொரு பெட்டி, அதைத் தாமே தூக்க முடிய வேண்டும் என்பதே அளவு. பாட்டி தாத்தா உடன் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும்.

இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத சீட்டுக்கு அபராதம் உண்டு. இரவு ரயிலில் ஆறு படுக்கை கொண்ட அறையில் நான்கு இடங்களை மட்டும் வாங்கும் குடும்பம், அறிமுகமில்லாத இருவரோடு இரவைக் கழிக்க நேரும். நால்வர் அறை முழுவதையும் எடுத்துவிட்டால் குழந்தைகளும் தூங்குவார்கள், பெற்றோரும் தூங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும் என்பதால், பாலும் பழமும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள அங்காடிகள் அன்றும் திறந்திருக்கும். அங்கே போகும்போது கழிப்பறைக்கென்று ஆளுக்கு ஒரு யூரோ நாணயத்தையும் பையில் போட்டுக்கொள்ளலாம்.