படம் வருகிறது, ஆனால் லினக்ஸுக்கு மானிட்டர் தெரியவில்லையா?

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டாயிற்று, 17 இன்ச் எல்சிடியில் படமும் வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் கலங்கல், செட்டிங்ஸில் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை. உடனே டிரைவரைத் தேடி ஓடாதீர்கள்.

முதலில் டெர்மினலில் எக்ஸ்ரேண்டர் கட்டளையைக் கொடுங்கள் (எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர், எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது). போர்ட்டுக்கு ஒரு வரி வரும், அதில் கனெக்டெட் அல்லது டிஸ்கனெக்டெட் என்று இருக்கும். இந்தக் கட்டளை ஓடும்போதே போர்ட்டுகளைப் புதிதாக ஒரு தடவை சோதித்துவிடும், அதனால் கேபிளைப் பிடுங்கிச் செருகிவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள், சில நேரம் அதிலேயே வேலை முடிந்துவிடும். திரையில் படம் காட்டும் வேலையை லினக்ஸில் பழைய எக்ஸ்ஆர்க் அல்லது புதிய வேலேண்ட் செய்யும்; எக்ஸ்ரேண்டர் எக்ஸ்ஆர்க்குக்கானது. அதனால் வேலேண்ட் டெஸ்க்டாப் என்றால், லாகின் திரையில் எக்ஸ்ஆர்க் செஷன் இருந்தால் அதற்கு மாறிக்கொள்ளுங்கள் (சில புதிய லினக்ஸ்களில் அது இருக்காது).

கனெக்டெட் என்று இருந்தும் 1280×1024 (வழக்கமான 17 இன்ச் எல்சிடியின் சொந்த ரெசல்யூஷன்) பட்டியலில் இல்லையா? அப்போது சந்தேகம் கேபிள் மேல்தான். எல்சிடிக்குள் இடிஐடி என்று 128 பைட்டில் ஒரு ஜாதகம் இருக்கிறது. யார் செய்தது, எந்த ரெசல்யூஷன் தாங்கும் என்பதெல்லாம் அதில். விஜிஏ கேபிளில் (பழைய மானிட்டர்களுக்கு வரும் 15 பின் கேபிள்) படம் வரும் பின்கள் வேறு, ஜாதகம் வரும் 12-வது, 15-வது பின்கள் வேறு. கேபிளின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி முனையை நேராகப் பாருங்கள்: கீழ் வரிசையில் இடமிருந்து இரண்டாவதும் கடைசியும்தான் அவை. நடு வரிசையில் நான்காவது இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், நிறைய கேபிள்களில் அது இருக்காது. இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லினக்ஸை இரண்டு முறை திரும்ப இன்ஸ்டால் செய்தேன், கடைசியில் பார்த்தால் 12-வது பின் மடங்கிக் கிடந்தது.

வேறு கேபிள் கையில் இல்லையென்றால் சி, வி, டி என்ற கட்டளையோடு 1280 1024 60 என்று கொடுங்கள் (கடைசி 60 ரிஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கப்படும் என்பது). வரும் பதிலில் மோட்லைன் என்று தொடங்கும் வரியில் அந்த முதல் சொல்லை விட்டுவிட்டு மிச்சத்தை எக்ஸ்ரேண்டரின் நியூமோட் ஆப்ஷனுக்குக் கொடுத்து, அதில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் மோட் பெயரை ஆட்மோட் ஆப்ஷனில் போர்ட் பெயரோடு சேர்த்து, அப்புறம் அவுட்புட் ஆப்ஷனில் போர்ட் பெயரையும் மோட் ஆப்ஷனில் மோட் பெயரையும் கொடுத்தால் திரை மாறும். ரீஸ்டார்ட் செய்தால் இதெல்லாம் போய்விடும், அதனால் மூன்று வரிகளையும் ஒரு ஸ்கிரிப்டில் போட்டு ஸ்டார்ட்டப்பில் சேர்த்துவிடுங்கள்.

பழைய சிஆர்டி (பெட்டி போல் பருத்த, படக்குழாய் உள்ள) மானிட்டர் என்றால் மட்டும் கொஞ்சம் நிதானம். அது தாங்கும் ரிஃப்ரெஷ் ரேட் பின்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.